ஒரு நாளைக்கு ஒரு திருத்தம்

இராணுவக் காவலரணிலிருந்து தொலைபேசியில் சொன்னதை முதலில் நான் நம்பவில்லை. கிளிவெட்டி அகதி முகாமிலிருந்து வந்த அம்புலன்ஸில் எட்டு மாதக் கர்ப்பிணி அன்னலட்சுமி இரத்தப்போக்கோடு கிடக்கிறாள். எங்கள் பட்டியலில் இருப்பதோ அவள் கணவன் பாக்கியரத்தினத்தின் பெயர். பெயர் உள்ளவர் வைத்தியசாலைக்குப் போகலாம், இல்லாதவர் திரும்ப வேண்டுமாம்.

2006 செப்டெம்பர், சண்டைக் காலம். நகரத்தின் ஓர்ஸ் ஹில்லில் ஒரு நிவாரண அலுவலகத்தில் கணினி என் பொறுப்பு. முகாம்களில் உள்ள நோயாளிகளின் பட்டியலைத் தினமும் எடுத்துக் காவலரணுக்கு அனுப்புவேன். பதினேழு பேருக்குத்தான் அனுமதி. ஒரு நாளைக்கு ஒரு திருத்தம்தான் ஏற்பார்கள்; எத்தனை பெயர் மாற்றினாலும் அந்த ஒரே தொலைநகலில் போகவேண்டும். நாலு மணிக்குப் பாதை பூட்டப்படும்; மறுநாள் திறப்பது நிச்சயமில்லை. அப்போது மூன்று பத்து.

“பெயரை மாத்தி உடன அனுப்புங்கோ, கமலாதேவி” என்றார் எங்கள் பொறுப்பதிகாரி கனகசுந்தரம். நியாயம்தான். ஆனால் ஒன்று பிசகியிருந்தால் வேறும் பிசகியிருக்குமே என்று கோப்புகளைத் திறந்தேன்.

முகாம்களிலிருந்து விபரங்கள் எக்ஸ்எம்எல் கோப்புகளாக வரும். முகாமுக்குள் குடும்பம், குடும்பத்துக்குள் ஆட்கள், பெட்டிக்குள் பெட்டியாக. அதை உடைத்துத் தரவுத்தள அட்டவணைகளில் போடும் நிரலை எழுதியவள் நானேதான். எழுதி முடித்த அன்று எனக்குச் சந்தோசத்தில் தலைகால் புரியவில்லை. குடும்ப இலக்கமும் அதில் எத்தனையாவது ஆள் என்பதும்தான் ஒருவருக்கு நான் கொடுத்த அடையாளம். நோய் விபரம் அதே இலக்கத்தோடு வேறோர் அட்டவணையில் இருக்கும். குடும்பம் மாறினால் நிரல் ஆட்களின் பழைய வரிகளை அழித்துப் புதிதாக எழுதும்; நோய் அட்டவணையைத் தொடாது. புதிதாக வருபவர் கடைசியில்தானே சேர்வார் என்று நினைத்துவிட்டேன், மடைச்சி.

எங்கள் சனம் அப்படி எழுதுமா? முந்தின நாள் பாக்கியரத்தினத்தின் தமையன் முகாமுக்கு வந்து சேர்ந்திருக்கிறார். அங்கே பதிகிற யோகலிங்கம் தமையனைத் தம்பிக்குக் கீழே போடுவாரா? மேலேதான் போட்டிருந்தார். கீழே இருந்தவர்கள் எல்லாரும் ஒரு படி இறங்கினார்கள். நாலாவதாக இருந்த அன்னலட்சுமி ஐந்தாவதானாள். அவளுடைய நோய் நாலாவது இடத்திலேயே நின்று, அந்த இடத்துக்கு இறங்கிய கணவனின் பெயரில் ஒட்டிக்கொண்டது.

பட்டியலில் உள்ளவர்களில் யாருடைய குடும்பங்கள் இந்த வாரம் மாறியிருக்கின்றன என்று தரவுத்தளத்தைக் கேட்டேன். இரண்டு. ஒன்று அன்னலட்சுமியுடையது. மற்றது தம்பலகாமம் முகாமில் இருக்கும் உம்மு குல்சும், அசனா என்ற சகோதரிகளுடையது. இவர்களில் ஒருத்தி இருதய நோயாளி. பட்டியல் இளையவள் அசனா என்றது. ஆனால் அந்தக் குடும்பம் இரண்டு தரம் மாறியிருந்தது: மேலே ஒருவர் சேர்ந்து, பிறகு போயிருந்தார். நோயைப் பதிந்தது அதற்கு முன்னா, இடையிலா? திகதி வைக்க நான் இடமே விடவில்லை. முன்பென்றால் அசனா சரி. இடையிலென்றால் அப்போது அந்த இடத்தில் இருந்தவள் மூத்தவள் உம்மு குல்சும்.

தம்பலகாமம் முகாமில் பதிகிற ஜெமீலுக்கு அழைத்தேன். தொடர்பு கிடைக்கவில்லை. மூன்றரைக்கும் கிடைக்கவில்லை. இருவரையும் போட இடமில்லை. காவலரணிலிருந்து மறுபடி அழைப்பு வந்தது: அன்னலட்சுமி மயங்கிவிட்டாள். தொலைநகல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்ற கனகசுந்தரம் என்னையே பார்த்தார். இன்னொரு தரம் ஜெமீலுக்கு அழைத்தேன். மணி போகவே இல்லை.

மூன்று நாற்பத்திரண்டுக்கு அன்னலட்சுமியின் பெயரைப் போட்டு, அசனாவை அப்படியே விட்டு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் அம்புலன்ஸ் காவலரணைத் தாண்டியது. கனகசுந்தரம் கதிரையில் பொத்தென்று உட்கார்ந்தார். எனக்குப் பாதிப் பாரம்தான் இறங்கியது.

நாலு இருபதுக்கு ஜெமீலே அழைத்தார்.

“அசனா நல்ல சுகமா நிக்கிறா, மிஸ். மூச்செடுக்க ஏலாமக் கிடக்கிறது மூத்தவ, ராத்தாதான். அவவத்தான் வானில ஏத்தினனாங்கள். பேர் இல்லையெண்டு திருப்பிட்டாங்கள்.”

தொலைபேசியை உம்மு குல்சுமிடம் கொடுக்கச் சொன்னேன். பிழை காவலரணுடையதோ ஜெமீலுடையதோ அல்ல, என்னுடையது என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவள் மூச்சிரைக்கக் கேட்டாள்:

“நாளைக்கு எண்ட பேர் இருக்குமா?”

“ஓம். நான் கையாலயே எழுதுறன்.”

“நாளைக்குப் பாதை திறப்பாங்களா?”

தெரியாது என்றேன்.