பக்கிரிசாமியின் இரண்டாவது கன்னம்

அன்று பிரிக்பீல்ட்ஸ் திடலுக்கு வந்த கூட்டத்தில் பாதிப் பேர் கால்பந்தைப் பார்க்க வரவில்லை. பக்கிரிசாமியின் கையைப் பார்க்க வந்திருந்தார்கள்.

ரயில் எஞ்சினுக்குக் கரி அள்ளிப்போடும் கை அது. பாசார் கடைத்தெருவில் அந்தக் கையிடம் வாங்காத முரடன் குறைவு. அப்படிப்பட்டவன் ஒரு வருடமாகக் கிறிஸ்தவக் கோயிலுக்கு வந்து வேதபாடம் படித்து, வரும் ஞாயிறு ஞானஸ்நானம் கேட்டிருந்தான். சபை மூப்பர் தேவசகாயம் மட்டும் மசியவில்லை. போதகரைப் பிடித்துக்கொண்டார்.

"பாடம் ஒப்பிச்சா போதுமா ஐயரே? சனிக்கிழமை செந்தூல்காரனுங்களோட மேட்ச். அதுல கை நீட்டாம இருக்கட்டும், நானே சரிங்கிறேன். நீட்டினான்னா ஞானஸ்நானம் கிடையாது."

போதகர் தயங்கினார். பக்கிரிசாமி தயங்கவில்லை. "சரிங்க மூப்பரே" என்றுவிட்டான்.

செய்தி வெள்ளிக்கிழமையே செந்தூல் ரயில் பட்டறைக்குப் போய்விட்டது. ஆட்டம் தொடங்கியதும் அவர்களுடைய ரெங்கசாமி பக்கிரிசாமியை நிழல்போல ஒட்டிக்கொண்டான். பழைய துணி சுற்றிய கால்களால் கணுக்காலில் உதைத்தான். வேட்டியை இழுப்பதுபோல் அரைக்கால் சட்டையை இழுத்தான்.

"என்ன பாதிரியாரே, பிரசங்கம் எப்ப?"

"பந்து உன் கால்ல இல்லையே, அதைப் பாரு மாமா," என்று சிரித்துவிட்டு ஓடினான் பக்கிரிசாமி. இரண்டு பக்கமும் ஒவ்வொரு கோல். வெயில் சாயத் தொடங்கியது. பக்கிரிசாமி ரெங்கசாமியை ஏமாற்றிப் பந்தைத் தட்டிச் செல்ல, பின்னால் ஓடிவந்தவன் தோளைப் பிடித்துத் திருப்பி, பளாரென்று ஒரு அறை விட்டான்.

பக்கிரிசாமிக்குக் காதுக்குள் எஞ்சின் ஊதியது. வலது கை தானாக மடங்கியது. அந்த நொடியில் கோட்டோரத்திலிருந்து ஒரு குரல் கிழித்துக்கொண்டு வந்தது.

"குடுடா அவனுக்கு ஒண்ணு! பார்த்துக்கிட்டா நிக்கிறே?"

கோட்டும் டையுமாகப் பெஞ்சின்மேல் ஏறி நின்று கத்தியவர் மூப்பர் தேவசகாயம்!

பக்கிரிசாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மடங்கிய விரல்கள் விரிந்தன. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மற்றக் கன்னத்தைக் காட்டினான். ரெங்கசாமியின் மறுபடி ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது.

"என்னடா இது..." என்றான் அவன், மெதுவாக.

விசில் ஊதியபடி ஓடிவந்த நடுவர் ரெங்கசாமியை வெளியே போகச் சொன்னார்.

"வேணாம் சார்," என்றான் பக்கிரிசாமி. "அவன் இல்லாம ஜெயிச்சா எனக்கு ருசிக்காது. ஆடட்டும்."

நடுவர் இருவரையும் மாறிமாறிப் பார்த்து, எச்சரித்து விட்டுவிட்டார். பிரிக்பீல்ட்ஸ் கூட்டம் தலையில் அடித்துக்கொண்டது. அவர்கள் பயந்தபடியே, கடைசி நிமிடத்தில் ரெங்கசாமி இருபது கஜத்திலிருந்து அடித்த பந்து வலைக்குள் போய் விழுந்தது.

செந்தூல்காரர்கள் அவனைத் தூக்க ஓடிவந்தார்கள். அவன் நழுவிவந்து பக்கிரிசாமியின் இடுப்பைப் பிடித்து அவனையும் சேர்த்துத் தூக்கச் சொன்னான். இரண்டு பேரும் தோள்களின்மேல் ஆடிக்கொண்டு திடலைச் சுற்றினார்கள்.

மூப்பர் பெஞ்சிலிருந்து இறங்கவே இல்லை. போதகர் அண்ணாந்து பார்த்துக் கேட்டார்:

"அப்ப நாளைக்கு?"

"அவனுக்குக் குடுங்க ஐயரே, தாராளமாக் குடுங்க," என்றார் தேவசகாயம், டையைத் தளர்த்தியபடி. "மிச்சத் தண்ணி இருந்தா எனக்கும் இன்னொரு தடவை ஊத்துங்க."