கடல் நகரவில்லை என்றார் தலைவர்

லைட்ஹவுஸ் குப்பத்தில் கடல் ஓர் அடிகூட நகரவில்லை என்று ஊர்த்தலைவர் ஆதிநாராயணன் அதிகாரியிடம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்த விஷயம், அவர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் காந்தாவின் காதுக்கு வந்துவிட்டது. ஏன் எழுதிக் கொடுத்தார் என்பதும் ஊருக்கே தெரியும். கரையோரம் அவருக்கு ஒரு மனை கிடக்கிறது. பட்டணத்துக்காரர் ஒருவர் காற்று வாங்கப் பங்களா கட்ட அதைக் கேட்கிறார். கடல் வருகிறது என்று சொன்னால் எந்த மடையன் வாங்குவான்?

காந்தாவின் வீட்டுக்கு முன்னால் இருந்த இரண்டு வரிசை வீடுகளும் கடலுக்குள் போய், இப்போது கடலுக்கும் அவள் அடுப்படிக்கும் நடுவில் ஒரு கிழிந்த வலை காய்கிறது, அவ்வளவுதான். மேட்டுப் பக்கம் அரசாங்கம் மாற்று மனை தருகிறது. ஆனால் தலைவர் கொடுத்த அந்தக் காகிதம் இருக்கும்வரை ஒருத்தர் பெயரும் பட்டியலில் ஏறாது.

போன மாதம் அதே அதிகாரி வந்து விளக்கத்தான் செய்தார். உலகம் சூடாகிறது, எங்கோ பனிமலை உருகுகிறது, சூட்டில் கடல்நீரும் விரிகிறது, போதாததற்குத் தெற்கே கடலுக்குள் கல் கொட்டியதில் இங்கே வரவேண்டிய மணல் அங்கேயே தங்கிவிடுகிறது என்று. தலைவர் மீசையைத் தடவிக்கொண்டு கேட்டார்: "பனி உருகுனா அந்த ஊர்லதான சார் வெள்ளம் வரணும்? இங்க இன்னாத்துக்கு வருது?" அறிவுக்கொழுந்து!

மாசி மகம் வந்தது. பௌர்ணமி, கடல் ஏறி நிற்கும் நாள். அம்மனைத் தோளில் தூக்கிக் கடலுக்குக் கொண்டுபோகும்போது வழியில் ஒவ்வொரு வாசலிலும் நிறுத்தி ஆரத்தி வாங்க வேண்டும். தாண்டிப் போனால் அந்த வீட்டுக்கு அவமானம், அம்மனுக்குக் கோபம். தலைவர் அதிகாரியை அழைத்து, மாலை போட்டு, முன்னால் நடத்திவந்தார்.

காந்தாவின் வாசலோடு தெரு முடிந்தது. அங்கே ஆரத்தி வாங்கியதும், அம்மனைச் சுமந்த பூபதி ஆட்களோடு நேரே தண்ணீருக்குள் இறங்கினான். முழங்கால் ஆழத்தில் பச்சையம்மா ஆரத்தித் தட்டோடு நின்றாள். அவளுக்குப் பின்னால் இடுப்பளவு நீரில் மணியம்மாள். இந்தப் பக்கம் மாலா, அந்தப் பக்கம் கலைவாணி. அவரவர் வீடு இருந்த இடம். மூன்று நாளாக ஒவ்வொருத்தியையும் தேடிப் போய்க் காந்தா காதில் ஓதிய வேலை அது.

"அந்தம்மாங்க ஏன் தண்ணியில நிக்கிறாங்க?" என்றார் அதிகாரி.

"குளிக்கிறாங்க சார்" என்றார் தலைவர்.

"தட்டோடவா?"

காந்தா முன்னால் வந்தாள். "வாசல்ல நிக்கிறாங்க சார். அது பச்சையம்மா வூடு. அப்பால கீறது மணியம்மா வூடு. மாடிப்படியெல்லாம் வச்சுக் கட்டுனது. தலைவருக்குத் தெரியாதா? கிரகப்பிரவேசத்துல ரெண்டு பந்தி உக்காந்து சாப்ட்டாரே!"

ஊர் சிரித்தது. கற்பூரத்தை அலை அணைத்தது. ஆனாலும் அம்மன் நாலு 'வாசலிலும்' நின்றுதான் நகர்ந்தது. அதிகாரி பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு பெயர்களை எழுத ஆரம்பித்தார். காந்தா தன் பெயரைத்தான் முதலில் சொன்னாள். இன்னும் சுவர் நிற்கிறவளுக்கு முதல் இடமா என்று இரண்டு பேர் முணுமுணுக்கத்தான் செய்தார்கள். பழைய காகிதம் தப்பு என்று கையெழுத்துப் போடச் சொல்லித் தலைவரிடம் பேனாவை நீட்டினார் அதிகாரி.

"கை ஈரமா கீது சார். நாளைக்குப் போட்றேனே."

காந்தா முந்தானையை நீட்டினாள். "தொடச்சிக்க தலைவரே. காஞ்ச துணிதான்."