குரல் யார் பேரில்

சாப்பாட்டு மேசையைச் சுற்றி மூன்று பேர் இருந்தார்கள். ஜன்னலைப் பார்த்த நாற்காலியில் காப்பீட்டு அலுவலக எழுத்தர். அவர் முன்னே அச்செடுத்த தாள்கள், கூடவே எழுதும் அட்டை. எதிரே அவர் மனைவி. கழுத்தில் வெள்ளைத் துணிப்பட்டை, கையில் டேப்லெட். பிளக் பக்கம் காலை மடக்கிப் போட்டு உட்கார்ந்திருந்தவன் மனைவியின் தம்பி. கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவன். நாலாவது நாற்காலியில் ஆள் இல்லை. சின்ன ஸ்பீக்கர் ஒன்று உட்கார்ந்திருந்தது. அந்த வீட்டில் மனைவியின் குரல் இப்போது அங்கிருந்துதான் வரும்.

எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது என்று பேருந்து நிலைய மைக்கில் வருஷக்கணக்காகச் சொல்லி வந்தவள் அவள். தொண்டையில் நோய் வந்து, குரல்வளையை எடுத்தாக வேண்டும் என்று ஆனபோது, தம்பிதான் குரலை நகலெடுக்கும் ஒரு மென்பொருளைக் கொண்டுவந்தான். முழுசாக வெளிவராத முன்னோட்டப் பதிப்பு. சோதித்துப் பார்க்கக் காசு வேண்டாம். அறுவை சிகிச்சைக்கு முன்பு அவள் சில நூறு வாக்கியங்களைப் படித்துப் பதிவுசெய்தாள். இப்போது எதைத் தட்டினாலும் அவள் குரலிலேயே பேசும்.

இந்த வெள்ளிக்கிழமையோடு சோதனைக்காலம் முடிகிறது. திரையின் மேலே சிவப்புப் பட்டை அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

“டேப்லெட்ல தேதியைப் பின்னாடி தள்ளி வச்சிடலாம் மாமா. எத்தனை பேருக்குச் செஞ்சு குடுத்திருக்கேன்!”

“குரல் இந்த டேப்லெட்டுக்குள்ளயா இருக்கு, மாப்ள? கம்பெனிக்காரங்க கம்ப்யூட்டர்ல இருக்கு. நீ நம்ம வீட்டுக் கடிகாரத்தைத் திருப்பினா அவங்களுக்கு விடியாம போயிடுமா?”

மனைவியின் விரல்கள் ஓடின. ஸ்பீக்கர் சொன்னது: “சின்ன வயசுலயே கடிகாரத்தைத் திருப்பி வச்சு ஸ்கூலுக்கு மட்டம் போட்டவன்தானே இவன்.”

சிரிப்பு மட்டும் மென்பொருளுக்கு வராது. அவள் தோள்தான் குலுங்கியது.

எழுத்தர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உரிம விதிகளை விளக்கினார். காலம் முடிந்ததும் உருவாக்கிய குரலை அழித்துவிடுவார்கள். முழுப்பதிப்புக்கு மாற்ற வேண்டுமானால், உரிமம் பெற்றவர் அதற்குள் காகிதத்தில் கையெழுத்திட்டுத் தபாலில் கேட்க வேண்டும். கேட்காவிட்டால், பதிவு செய்த வாக்கியங்களை வேறு குரல்களைப் பழக்க அவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

“உரிமம் பெற்றவர்னா அக்காதானே?” என்றான் தம்பி.

எழுத்தர் கடைசித் தாளைத் திருப்பிக் காட்டினார். அங்கே அவர் பெயர் இருந்தது.

அலுவலகத்தில் அவருக்கு ‘நிபந்தனை’ என்றே பட்டப்பெயர். பொடி எழுத்தைப் படிக்காமல் ஒருவரையும் கையெழுத்துப் போட விடமாட்டார். அப்பேர்ப்பட்டவர், மருத்துவமனை நடையில் நர்ஸ் கூப்பிட்ட அவசரத்தில், ஒரு வரிகூடப் படிக்காமல் ‘ஏற்கிறேன்’ என்பதை அமுக்கியிருந்தார். மின்சாரம், தண்ணீர், கேஸ், போன் எல்லாம் அவர் பேரில். பெயர் கேட்ட கட்டத்தில் கை தன் பாட்டுக்குத் தன் பெயரையே போட்டுவிட்டது.

“என் குரலும் உங்க பேர்லயா?”

வண்டி தாமதம் என்று அறிவிக்கும் அதே நிதானக் குரல். கோபமே இல்லை. அதுதான் அவரைச் சுட்டது.

“பழக்கதோஷம்மா.”

“விடுக்கா,” என்றான் தம்பி. “யார் பேர்ல இருந்தா என்ன? மாமா கையெழுத்துப் போட்டா வேலை முடிஞ்சுது.”

எழுதும் அட்டையில் கடிதம் தயாராகவே இருந்தது. குரல் தன் பேரிலேயே தொடர வேண்டும் என்று எழுதி வைத்திருந்தார். நோய் திரும்ப வரலாம் என்று மருத்துவர் இருவரிடமும் சொல்லியிருந்தார்; வீட்டில் அதை யாரும் வாய்விட்டுப் பேசியதில்லை. தன் பேரில் இருந்தால், அவளுக்கு ஒன்று ஆன பிறகும் குரல் வீட்டில் இருக்கும் என்பது அவர் கணக்கு.

அவள் அட்டையை இழுத்துப் படித்தாள். புரிந்துகொண்டாள்.

“நான் போனப்புறம் அது யாரோட பேசும்?”

“என்னோட.”

“நீங்க தட்டுறதையெல்லாம் சொல்லும். நான் சொல்லாததையும் சொல்லும்.”

தம்பி மடக்கிய காலைக் கீழே இறக்கினான்.

“நான் இருக்கற வரைக்கும் எனக்கு வேணும். அப்புறம் அழிச்சிடச் சொல்லுங்க. என் பேர்ல எழுதணும்.”

“ஒரு நாள்... ஒரே ஒரு வார்த்தை கேட்டா தேவலைன்னு இருந்தா நான் என்னம்மா செய்வேன்?”

“இப்பக் கேளுங்க. இருக்கேன்ல.”

கல்யாணத்துக்கு முன்பு, ஏற வேண்டிய வண்டியை விட்டுவிட்டு, அவளுடைய அடுத்த அறிவிப்பைக் கேட்க அந்தப் பேருந்து நிலைய பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் அவர். அது அவளுக்கும் தெரியும். அவர் கேட்காமலே தட்டினாள்.

“மூன்றாவது மேடையில் நிற்கும் வண்டி இன்னும் சற்று நேரத்தில் புறப்படும். பயணிகள் ஏறிக்கொள்ளவும்.”

அவர் பழைய கடிதத்தைக் கிழித்தார். புதுத் தாளில் தேதியிட்டுப் பேனாவை அவள் பக்கம் நகர்த்தினார். அவர் வாசகம் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். உரிமத்தை என் பேருக்கு மாற்றவும். குரலை முழுப்பதிப்புக்குக் கொண்டுசெல்லவும். என் பதிவுகளை வேறு எதற்கும் எடுக்க வேண்டாம். மூன்றும் சரளமாக வந்தன. நான்காவதற்கு வாயைத் திறந்தார், வரவில்லை. மேசை விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தார். அவள் காத்திருந்து பார்த்தாள். பிறகு, சொல்வார் இல்லாமல், அந்த வரியைத் தானே எழுதி முடித்தாள். எழுத்து கோணவில்லை.

அவள் கையெழுத்திட்டாள். கீழே, உரிமத்தை விட்டுக்கொடுப்பவர் என்ற இடத்தில், முழுக்கப் படித்துவிட்டு அவர் போட்டார்.

“குடுங்க மாமா, நான் போய்ப் போட்டுட்டு வரேன்.”

“வேணாம் மாப்ள. நானே போறேன்.”

தபால் நிலையத்தில் உறையை ஒட்டி, நகத்தால் ஓரத்தை நீவி, கவுண்டரில் நீட்டினார். உள்ளேயிருந்த பெண் எடை போட்டாள்.

“அனுப்புறவங்க பேரு? உங்க பேர்தானே சார்?”

“இல்லம்மா,” என்று மனைவியின் பெயரை, எழுத்து எழுத்தாக, நிறுத்திச் சொன்னார்.

முத்திரை விழுந்தது. உறை பின்னாலிருந்த பைக்குள் போனது.