டைரக்டரின் வீடு

சட்டையின் மூன்றாவது பொத்தானை அவள் போட்டுக்கொண்டிருந்தபோது கம்பெனி அக்கவுண்டன்ட் மறுபடியும் இருமினார். அவள் நிமிரவில்லை. கணவனின் மார்பு இன்னும் அகலமாகத்தான் இருந்தது. பொத்தான் துளைக்குள் போக அடம்பிடித்தது. நேற்று மத்தியானம் முதலாளியின் காரைக் கழுவிக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

"நேரங்கெட்ட நேரத்துல வந்துட்டேன்னு நினைக்காதீங்கக்கா. ஒரே ஒரு கையெழுத்து. வண்டி வர்றதுக்குள்ள முடிஞ்சிடும்."

"அவரைக் கொண்டு போற வண்டிதானே? வரட்டும்."

அக்கவுண்டன்ட் தாளை மகளிடம் நீட்டினார். நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கிறவள், அழுது வீங்கிய கண்களோடு வாசித்தாள். "டைரக்டர் என்ற முறையில் என் கணவர் கம்பெனியின் கணக்குக் கோப்புகள் அனைத்தையும் வீட்டில் வைத்திருந்தார். அவற்றை அவரே எரித்துவிட்டார்." சட்டென்று நிறுத்தினாள். "அம்மா, என்னம்மா இது? அப்பா எப்போ எதை எரிச்சாரு?"

டைரக்டர்! இரண்டு வருடத்துக்கு முன்னால் முதலாளி காரை ஓரங்கட்டச் சொல்லி, பின் சீட்டிலிருந்தே நாலைந்து தாளை நீட்டி, "இன்னைலேருந்து நீதான்யா கம்பெனி டைரக்டர்" என்றாராம். சம்பளம் ஒரு காசு ஏறவில்லை. வீட்டில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தெருவில் எவனோ "எந்தப் படம்ணே?" என்று கேட்டுவைக்க, அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. டைரக்டர் குடத்தோடு தண்ணீர் லாரிக்கு நின்றார். டைரக்டர் முதலாளி வீட்டு நாயைக் குளிப்பாட்டினார். அதெல்லாம் வேடிக்கை என்றுதான் அவளும் நினைத்திருந்தாள்.

வாசலில் நிழல் விழுந்தது. ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண், கையில் தடித்த ஃபைலோடு நின்றாள்.

"டைரக்டர் வீடு..." என்று ஆரம்பித்தவள், உள்ளே பார்த்தாள். இரண்டே அறை. இடம் போதாமல் கட்டிலைச் சுவரில் சாய்த்திருந்தார்கள். "மன்னிச்சுக்கோங்க. வேற எழவு வீட்டுக்கு மாறி வந்துட்டேன் போலருக்கு."

"மாறலீங்க. இதுதான்."

வந்தவள் தையல் யூனிட் வைத்திருப்பவள். கம்பெனிக்கு நாலாயிரம் பைகள் தைத்துக் கொடுத்தவள். "பதினோரு பொண்ணுங்களோட ஆறு மாசக் கூலிங்க. கேட்டா, முதலாளி விலகிட்டாரு, டைரக்டரைக் கேளுன்னு ஒரு வக்கீல் லெட்டர். அவரு எங்கேன்னு கேட்டா, கம்பெனி திவால் மனு போட்டிருக்கு, இனிமே யாரும் கேட்கவே கூடாது, அதான் சட்டம்னு இன்னொரு லெட்டர். நடையா நடந்தப்பெல்லாம் கிடைக்காத விலாசம், செத்துட்டாருன்னதும்தான் கிடைச்சுது. நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்தை வீட்டுக்காரங்களைக் கேட்கலாம்னு..."

பேச்சு நின்றது. கிடத்தியிருந்தவரின் உள்ளங்கைகளையே பார்த்தாள். சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறி வெடித்த கைகள்.

"இவரு என்ன வேலைங்க பார்த்தாரு?"

"முதலாளிக்கு டிரைவர்."

தையல்காரம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இறந்தவரின் மனைவிக்கு முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு ஆத்திரம் வந்தது. உயிரோடு இருந்தபோது உழைப்பைச் சுரண்டியது போதாதா? செத்தவர் தலையில் பழியையும் கட்ட வேண்டுமா?

அக்கவுண்டன்ட் குரலைத் தாழ்த்தினார். "இறந்தவர் மேல கேஸ் நிக்காதுக்கா. பாப்பா படிப்பு முடியற வரைக்கும் ஃபீஸ் முதலாளி பொறுப்பு. எழுதியே தர்றாரு. அப்புறம்... அண்ணன் ட்ரிப் நோட்டு ஒண்ணு வச்சிருப்பாரே, அதையும் குடுத்துடுங்க."

"அது எதுக்கு?"

"சும்மாதான். கம்பெனி சாமான் இல்லியா?"

சும்மாவா? பெட்ரோல் கணக்குக்காக எழுதிய அழுக்கு நோட்டுக்கு இழவு வீட்டுக்கு ஆள் அனுப்புவார்களா? அவள் எழுந்து அலமாரியிலிருந்து நோட்டை எடுத்து மகளிடம் கொடுத்தாள்.

"மனு போட்ட சமயம் என்ன எழுதியிருக்காருன்னு பாரு. சத்தமா படி."

மகள் பக்கங்களைத் தள்ளினாள். "ஆபீஸ் டு முதலாளி மச்சான் வீடு. பதினெட்டு கிலோமீட்டர். கணக்கு ஃபைல் பெட்டி பதினாலு. ஏத்தி இறக்குனது நானே. முதுகு வலி." மூச்சை இழுத்துக்கொண்டாள். "மறுநாள். வக்கீல் ஆபீஸ். திவால் மனு. வெயிட்டிங் மூணு மணி நேரம்."

அந்த முதுகுக்குத் தைலம் தேய்த்தது அவள்தான். எங்கே போய் இப்படி முறித்துக்கொண்டு வந்தீர்கள் என்று திட்டிக்கொண்டே தேய்த்தாள். அது நினைவுக்கு வந்ததும் நேற்றிலிருந்து வராத அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. வாய்விட்டு அழுதாள். தையல்காரம்மா அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

அழுது முடித்து மகளைப் பார்த்தாள். "உன் படிப்பு இதுலதான் இருக்கு. என்னடி சொல்றே?"

மகள் அடுத்த பக்கத்தைத் திருப்பி, இன்னும் உரக்கப் படிக்க ஆரம்பித்தாள்.

"அக்கா, முதலாளி வெளியில கார்லதான் இருக்காரு. நான் என்னன்னு போய்ச் சொல்றது?"

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். நானே சொல்லிக்கறேன்."

வெளியே ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. பிண வண்டி உள்ளே வர முடியாமல் நின்றது. சந்து வாயை அடைத்துக்கொண்டு முதலாளியின் கார். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முதலாளியே. அவள் கண்ணாடியைத் தட்டினாள். அது நாலு விரற்கடை இறங்கியது.

"கையெழுத்து ஆச்சாம்மா?"

"ஆகாது. நோட்டைத் தையல்காரம்மாவோட வக்கீல்கிட்ட குடுக்கப் போறேன். கோர்ட்டுல கூப்பிட்டா நானும் வந்து சொல்லுவேன்."

"உன் புருஷன் பேருதான் நாறும்."

"அவரு பேரை நான் பார்த்துக்கறேன். நீங்க காரை எடுங்க. அவரு போகணும்."

முதலாளிக்கு ரிவர்ஸ் எடுத்துப் பழக்கமில்லை. கார் உறுமியது, குலுங்கியது, சாக்கடை ஓரத்தில் போய் முட்டிக்கொண்டு நின்றது. கூடியிருந்த ஆண்கள் ஒருவரும் அசையவில்லை.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு காரின் பின்பக்கம் போய் நின்றாள். கையை உயர்த்தினாள்.

"லெஃப்ட்ல ஒடிங்க. இன்னும் ஒடிங்க. ம்... வாங்க. நேரா வாங்க. வாங்க."