எப்போதாவது பிரிவில் ஒரு பிள்ளை

பொற்கொடியின் மகள் நறுமுகையை உணவு வழிகாட்டியில் ‘எப்போதாவது’ பிரிவில் சேர்த்துவிட்டார்கள். பள்ளிச் சுவரில் ஒட்டியிருந்த கோபுரப் படத்தின் உச்சியில், எண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் நடுவே அவள் உட்கார்ந்திருந்தாள். வயது ஏழு.

எப்போதாவது என்றால் பதினைந்து நாளுக்கு ஒரு முறை. ஒரு சாப்பாட்டு நேரம் மட்டும் வீட்டுக்கு விடுவார்கள். சாப்பிட்டுக் கை கழுவியதும் படத்துக்குத் திரும்பிவிட வேண்டும்.

பொற்கொடி வழிகாட்டி அலுவலகத்துக்குப் போனாள். நடக்க நடக்க வராந்தா நீண்டது. வழியில் இரண்டு முறை பொழுது விடிந்தது. கடைசி அறையில் அலுவலர் தணிகாசலம் ஒரு வெண்டைக்காயை அடிக்கோலால் அளந்துகொண்டிருந்தார். பள்ளியில் சாப்பாட்டுச் சோதனை நடந்த நாளில் பிள்ளை இரண்டாவது அப்பளம் கேட்டாளாம், அதனால்தான் உச்சிக்குப் போனாளாம். சொல்லிவிட்டு, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஒரு வார்த்தை சேர்த்தார் அந்த மகராசன்.

“எதையும் அளவோட வெச்சுக்கணும்மா. பிள்ளையையும்தான்.”

பொற்கொடிக்கு அந்த ஆளை வெண்டைக்காயோடு சேர்த்து நறுக்கினால் தேவலை என்றிருந்தது. மேசைமேல் இருந்த வழிகாட்டிப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி வந்தாள். அடுப்படியில் உட்கார்ந்து ஒரு வரி விடாமல் படித்தாள். நாலாவது விதி, சாப்பிடும் குழந்தையை அவசரப்படுத்தக் கூடாது என்றது. ஒன்பதாவது விதி, ஒவ்வொரு வாய்ச் சோற்றையும் முப்பத்திரண்டு முறை மெல்லச் சொன்னது. கடைசிப் பக்கத்தில், வீட்டார் அழைத்தால் அலுவலர் உடன் உட்கார்ந்து உண்ண வேண்டும் என்று பொடி எழுத்தில் இருந்தது. அந்த வரியை மட்டும் மூன்று முறை படித்தாள்.

அடுத்த முறை நறுமுகை வந்தபோது தணிகாசலமும் விருந்தாளியாக வந்தார். பொற்கொடி தரையில் இரண்டு இலை போட்டாள். பக்கத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். இலையில் பாதிக்கு மேல் காய்கறி. அலுவலர் மெச்சிக்கொண்டார்.

நறுமுகை பிறந்ததிலிருந்தே மெதுவாகச் சாப்பிடுகிற பிள்ளை. ஒரு பருக்கையை எடுத்தாள். மெல்லத் தொடங்கினாள்.

தணிகாசலம் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு இலையை மடிக்கக் கை வைத்தார். ஜன்னலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த எதிர்வீட்டுச் செண்பகவல்லிக்குப் பொறுக்கவில்லை.

“பந்தியில பக்கத்து எலையில பிள்ள சாப்பிடுது, அதுக்குள்ள எந்திரிக்கிறாரே. எந்த ஊரு மனுசன் இவரு?”

அவர் கையை எடுத்துக்கொண்டார். பொற்கொடி மறுபடியும் சோறு போட்டாள்.

கொல்லையில் வெண்டைச் செடி பூத்தது, காய்த்தது, முற்றியது. நறுமுகைக்குப் பால் பல் விழுந்து புதுப் பல் முளைத்தது. அந்தப் பல்லுக்கும் சேர்த்து மென்றாள். தணிகாசலத்தின் மீசை நரைத்தது. தபால்காரர் அவருடைய ஓய்வு ஆணையைக் கொண்டுவந்து இலை ஓரத்தில் வைத்துவிட்டுப் போனார். பொற்கொடி அதன்மேல் ரசத்தை ஊற்றினாள். மனசு குளிர்ந்தது.

“பாப்பா,” என்றார் தணிகாசலம். “கொஞ்சம் சீக்கிரமா...”

“நாலாவது விதி, சார்,” என்றாள் பொற்கொடி.

நறுமுகை இரண்டாவது பருக்கையை விழுங்கினாள். அலுவலரின் இலையை ஒரு முறை பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

“அம்மா, இன்னொரு அப்பளம்.”

பொற்கொடி வாணலியில் எண்ணெய் ஊற்றி அடுப்பைப் பற்றவைத்தாள்.