மூன்று மணி வரைதான்

மகிழினிக்கு எட்டு வயது. பேச்சு வரவில்லை. ஆட்டிசம் என்று மூன்று வருடம் முன்பு சொன்னார்கள். அம்மா ராமசெல்வி அதைக்கூடத் தாங்கிக்கொண்டாள். மகள் தூங்காததைத்தான் தாங்க முடியவில்லை. தண்டையார்பேட்டையில் ஒற்றை அறை வீடு. விடிய விடியக் குதித்துக்கொண்டே இருப்பாள். கீழ்வீட்டிலிருந்து துடைப்பக் கட்டையால் மேலே இடிப்பார்கள்.

டாக்டரம்மா மெலடோனின் என்ற தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். சாயங்காலத்துக்கு மேல் செல்போன் கூடாது, எட்டரைக்கு விளக்கை அணைத்துவிட வேண்டும் என்றார். முதல் நாளே ஒன்பதரைக்குத் தூங்கிவிட்டாள். ராமசெல்வி பயந்துபோய் அவள் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தாள்.

"இன்னாமே, நெசமாவே தூங்குதா?" என்றான் கணவன் சுப்புராஜ்.

"மெதுவா பேசுயா."

மூன்று வாரம் அப்படிப் போனது. அப்புறம் இரண்டு மணிக்கு விழிக்கத் தொடங்கினாள். ராமசெல்வி மீன் வியாபாரி. காசிமேட்டு ஏலத்துக்கு அவள் மூன்றரைக்குக் கிளம்ப வேண்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை சுப்புராஜ் லாரியில் சரக்கேற்றிக்கொண்டு ஓசூர் போயிருந்தான். ராமசெல்வி அசந்து தூங்கிவிட்டாள். விழித்தபோது கதவு திறந்து கிடந்தது.

செருப்பில்லாமல் ஓடினாள். துறைமுகம் போகும் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொரு லாரியின் அடியிலும் குனிந்து பார்த்துக்கொண்டே போனாள். வெகுதூரம் தள்ளி, வயதான டிரைவர் ஒருவர் மகிழினியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒவ்வொரு டயரா தொட்டுப் பாத்துகினே வந்துச்சும்மா. நான் கீழ எறங்காம வண்டிய எடுத்திருந்தா இன்னா ஆயிருக்கும்? இப்டியா தூங்குவ?"

"தூங்கிட்டேண்ணா" என்றாள் ராமசெல்வி.

திங்கட்கிழமை டாக்டரம்மாவிடம் போனாள்.

"ரெண்டா குடுத்தா விடியற வரைக்கும் தூங்குமா மேடம்?"

"நீங்களா கூட்டாதீங்க. இந்த மருந்து தூக்கத்தை வரவைக்கும். கடைசி வரைக்கும் பிடிச்சு வைக்கும்னு சொல்ல முடியாது. மெதுவா கரையற மாத்திரை தரேன், பார்க்கலாம். கதவுல உயரமா தாழ்ப்பாள் போடுங்க." எழுதிக்கொண்டே கேட்டார்: "நீங்க எப்போ தூங்கறீங்க?"

ராமசெல்வி சீட்டை வாங்கிக்கொண்டு வந்தாள்.

புது மாத்திரை மூன்று மணி வரை தாங்கியது. கூட ஒரு மணி நேரம், அவ்வளவுதான். உயரத்தில் புதிதாகப் போட்ட தாழ்ப்பாள் மகளுக்கு எட்டவில்லை. அதனால் அம்மாவை எழுப்பி, அவள் கையைப் பிடித்து மேலே தூக்கினாள். திறக்கச் சொல்கிறாள்.

"வேணாம் கண்ணு. வெளிய வண்டி கீது."

மகிழினி கதவில் தலையை முட்டத் தொடங்கினாள். ராமசெல்வி நடுவில் தன் உள்ளங்கையை வைத்தாள். கீழ்வீட்டில் இடிக்க ஆரம்பித்தார்கள்.

சுப்புராஜ் எழுந்து உட்கார்ந்தான். "இன்னிக்கு ஏலத்துக்குப் போவாத, நீ படு. நா பாத்துக்கறேன்."

"விடிஞ்சா நீ வண்டி எடுக்கணும். தூங்காம ஓட்டுவியா?"

மகிழினி மறுபடியும் அம்மாவின் கையைத் தாழ்ப்பாளை நோக்கித் தூக்கினாள்.