தேர் திரும்பும் மூலை

ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரிகளில் சம்பாதித்த ராசப்பன், திருச்செங்கோட்டுத் தேர்வீதியில் அடுக்குமாடி வீடுகள் கட்ட நினைத்தபோது, வரைபடம் போட அக்காள் மகள் சௌந்திரத்தைக் கூப்பிட்டார். அவள் கோயமுத்தூரில் சிவில் எஞ்சினியரிங் படித்து வந்திருந்தாள். எண்பத்து நான்காம் வருடம். அந்த ஊருக்கு அடுக்குமாடி என்பதே புதிது.

வீதியில் எல்லாம் ஓட்டு வீடுகள். கூரைகளுக்கு மேலே மலை தெரியும். அது மறையக் கூடாதென்று சௌந்திரம் ஒரு மாடியோடு நிறுத்தினாள். எதிரே பழைய கல் மண்டபம். இரண்டுக்கும் நடுவில்தான் தேர் திரும்ப வேண்டும் என்பதால், கட்டடத்தின் மூலையை உள்ளே தள்ளி வரைந்தாள்.

வேலை பாதியில் இருக்கும்போது அவள் மஞ்சள் காமாலையில் படுத்துவிட்டாள். தேறி வந்து பார்த்தால், மாடி மூலையில் வரைபடத்தில் இல்லாத பால்கனி ஒன்று வீதிக்குள் நீட்டிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க மாமா, தேர் எப்படித் திரும்பும்?"

"கொஞ்சம் தள்ளி இழுத்தாப் போச்சு அம்மணி. ஊடுன்னா காத்து வர வேண்டாமா?"

வேலை முடிந்ததும் அந்த மாடி வீட்டுக்குக் குடிவந்தவள் ராமாயி. அவள் கணவர் சின்னண்ணன் லாரி டிரைவர். சங்ககிரி ரோட்டில் வண்டி கவிழ்ந்து இடுப்பு போனவர். பால்கனியில் கட்டிலைப் போட்டு, பகலெல்லாம் வீதியைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார்.

தேரோட்டத்துக்குச் சில நாள் முன்பு ஊர்க்காரர்கள் மூங்கில் வைத்து அளந்து பார்த்தார்கள். தேர் திரும்பாது. ஊர்ப் பெரியவர்கள் சிலரிடம் பேசிய ராசப்பன், மண்டபத்து மூலைத் தூண்களை எடுத்துவிடலாம் என்று முடிவு செய்துவிட்டார். "புது ஊட்டை இடிக்கறதா? அது வெறும் கல்லுதானே!" என்று சொல்லிவிட்டு ரிக்கோடு ஆந்திராவுக்குப் போய்விட்டார்.

தேரோட்டத்துக்கு முதல்நாள் காலையில் மண்டபத்தில் கடப்பாரைச் சத்தம் கேட்டது. சௌந்திரம் ஓடினாள். ஒரு தூணின் அடியில் கல் பெயர்ந்திருந்தது.

"மத்தியானம் வரைக்கும் பொறுத்துக்கங்க, உங்க கால்ல வேணும்னாலும் விழறேன்!" என்று இடிக்க வந்த ஆட்களிடம் கெஞ்சினாள்.

தபாலாபீசுக்குப் போய் ட்ரங்க் கால் போட்டாள். மாமா கிடைக்கவில்லை. பிறகு, அந்தப் பால்கனியைக் கட்டிய கொத்தனார் சென்னிமலையைக் கூட்டிக்கொண்டு மாடியேறினாள்.

ராமாயி வாசலை மறித்து நின்றாள். "என்ர புருசன் மூச்சு உடறது அந்த ஒரு எடத்துலதானுங்க. இதையும் புடுங்கோணுமா?"

"வேற ஜன்னல் வெச்சுத் தாரேனுங்க அக்கா. அந்த மண்டபத்த ஒடைச்சா மறுபடி கட்ட ஆராலயும் முடியாது."

"ஒடைஞ்ச மனுசனை மட்டும் கட்ட முடியுமா?"

சௌந்திரம் கும்பிட்டபடியே விம்மினாள். பால்கனியிலிருந்து சின்னண்ணன் குரல் வந்தது.

"உடு ராமாயி. அந்தப் புள்ள அழுகறது கேக்குது. என்னையத் தூக்கி உள்ற போட்டுட்டு இடிக்கச் சொல்லு."

பொழுது சாயும்வரை இடித்தார்கள். சென்னிமலை ஒவ்வொரு அடிக்கும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுநாள் தேர் மண்டபத்தையும் சுவரையும் உரசாமல் திரும்பியபோது வீதியே ஆர்ப்பரித்தது. சௌந்திரம் கூட்டத்தில் இல்லை. ராமாயி வீட்டில், பால்கனிக் கதவு இருந்த இடத்து ஓட்டையைச் சாக்கால் மறைத்துக்கொண்டிருந்தாள். சின்னண்ணன் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

ராசப்பன் திரும்பி வந்ததும் சௌந்திரத்தை வேலையிலிருந்து நீக்கினார். அக்காள் வீட்டுக்கு வருவதையும் நிறுத்தினார்.

ஜன்னல் வைக்க அளவெடுக்க அவள் போனபோது, ராமாயி கதவைப் பாதிதான் திறந்தாள்.

"நாங்க எங்க ஊரு ஆட்டையாம்பட்டிக்கே போறமுங்க. அங்க கீழ் ஊடு கெடைச்சிருக்குது."

"அங்கயும் நான் வந்து ஜன்னல்..."

"வேண்டாமுங்க," என்றாள் ராமாயி. கதவு சாத்திக்கொண்டது. கையில் அளவு டேப்போடு சௌந்திரம் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டாள்.